இழவு வீட்டுச் சிரிப்பு

சாவு நடந்த வீட்டில் இரண்டாம் நாள் இரவு. எடுத்தாயிற்று, காரியத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பந்தலுக்குக் கீழே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர். எல்லாம் அழுது ஓய்ந்த முகங்கள். யாரோ ஒருவர் பழைய கதை ஒன்றை எடுக்கிறார். இறந்துபோன பெரியவர் சர்க்கரைக்காரர். அரிசிப் பானைக்குள் மைசூர்பாகை ஒளித்து வைத்தாராம். எறும்புச் சாரை காட்டிக்கொடுக்க, பாட்டியிடம் கையும் களவுமாகச் சிக்கினாராம். ஒருவர் வாயைப் பொத்திக்கொள்கிறார். இன்னொருவரின் தோள் குலுங்குகிறது. ஒரு நிமிடத்தில் பந்தலே சிரிக்கிறது. வாசற்படியில் வந்து நின்ற பாட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிடுகிறார். "நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று அத்தை அதட்டியதும் சிரிப்பு அடங்குகிறது. சிரித்தவர்களுக்குள் லேசான குற்றவுணர்வு தங்குகிறது.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? துக்கம் பொய்யாக இருந்ததா? ஒரு கணம் மறந்துவிட்டார்களா? இரண்டும் இல்லை என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியும். பிறகு, உடம்பே துவண்டு கிடக்கும் நேரத்தில் இந்த இன்பத்துக்கு என்ன வேலை?

உளவியல் துறை நெடுங்காலம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்க வைத்தவர்கள் துயரத்தில் இருந்தவர்களே.

1990-களின் தொடக்கத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் என்றால் மரணம் என்றுதான் பொருள். நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துகள் 1996-ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முந்திய அந்த இருண்ட ஆண்டுகளில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் பணியாற்றிய உளவியலாளர் சூசன் ஃபோக்மன் ஓர் ஆய்வைத் தொடங்கினார். எய்ட்ஸ் முற்றிய தங்கள் துணைவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரித்துவந்த 250-க்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். குளிப்பாட்டுவது, மருந்து ஏற்றுவது, நள்ளிரவில் வேர்வையில் நனைந்த படுக்கை விரிப்பை மாற்றுவது என்று ஓய்வில்லாத வேலை. அவர்களில் பலருக்குத் தங்கள் உடலிலும் அதே கிருமி இருப்பது தெரியும். பார்த்துக்கொண்டிருப்பது துணைவரின் முடிவை மட்டுமல்ல.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேர்காணல். எது உங்களை அதிகம் வருத்தியது, எப்படிச் சமாளித்தீர்கள் என்பதே கேள்விகளின் மையம். ஆய்வு தொடங்கிச் சில காலத்திலேயே பங்கேற்றவர்கள் முறையிட்டார்கள். கஷ்டத்தை மட்டுமே கேட்கிறீர்கள். எங்கள் வாழ்க்கையில் நல்லதும் நடக்கிறது, அதைக் கேட்காவிட்டால் நாங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறோம் என்பது உங்களுக்குப் புரியாது என்பது அந்த முறையீட்டின் சாரம். ஃபோக்மன் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். நாளைக் கடத்த உதவிய, மனத்துக்கு நன்றாக இருந்த, பொருளுள்ளதாகத் தோன்றிய ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்ற கேள்வி சேர்ந்தது. ஆய்வாளர் தன் வினாப்பட்டியலைத் திருத்திக்கொண்ட இந்த இடத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கருவி பிழையாக இருந்தால் அளவும் பிழையாகத்தான் இருக்கும். கருவியின் பிழையை, அளக்கப்பட்டவர்களே சுட்டிக்காட்டினார்கள்.

பதில் ஏறத்தாழ எல்லா நேர்காணல்களிலும் கிடைத்தது. எதுவும் பெரிய நிகழ்ச்சி இல்லை. துணைவருக்குப் பிடித்ததைச் சமைத்து அவர் இரண்டு வாய் சாப்பிட்டது, நண்பர் சொன்ன ஒரு நல்ல வார்த்தை, பூத்திருந்த செடி. இதே ஆண்களுக்கு மனச்சோர்வை அளக்கும் வினாத்தாள்களில் கிடைத்த மதிப்பெண்கள் மிக மோசம். ஆனால் இன்பமான உணர்வுகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று அளந்தபோது, மரணத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால், பொதுமக்களின் அளவுக்கு நெருக்கமாகவே இருந்தது.

துன்பத்தையும் இன்பத்தையும் ஒரே தராசின் இரு தட்டுகளாக நினைத்தே பழகியிருக்கிறோம். ஒன்று இறங்கினால் மற்றது ஏறியாக வேண்டும். ஃபோக்மன் கண்டது தராசு அல்ல. வெயில் அடிக்கும்போதே மழை பெய்வதுண்டே, காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று பிள்ளைகள் குதிப்பார்களே, அதைப் போன்றது. இரண்டும் தனித்தனி ஏற்பாடுகள். ஒன்று இருக்கும்போதே மற்றதும் இருக்கலாம்.

சரி, இருக்கலாம். அதனால் பயன் உண்டா? அதற்கு உடம்புக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

முதலில் ஒரு சொல் சிக்கல். தமிழ் நாளிதழ்களில் மன அழுத்தம் என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தேர்வுக்கு முந்தின நாள் வரும் படபடப்பும் மன அழுத்தம். மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கும் நோயும் மன அழுத்தம். இரண்டும் வேறு வேறு. பின்னதை மனச்சோர்வு என்று சொல்வதே சரி. இக்கட்டுரையில் அழுத்தம் என்று நான் சொல்வது முன்னதை: நெருக்கடியைச் சந்திக்க உடம்பு தன்னை முடுக்கிக்கொள்ளும் நிலையை.

அந்த முடுக்கத்தை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஓரிரு ஆண்டே ஆகியிருந்தது. ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த கேனன், பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து, கதிர்த்திரையில் இரைப்பை அலையலையாக அசைவதைக் கவனித்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ அந்த அலை சட்டென்று நின்றது. தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தியதும் மீண்டும் தொடங்கியது. இதைப் பின்தொடர்ந்து போய்த்தான், ஆபத்து வந்தால் எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடம்பு தயாராகும் விதத்தை 1915-ல் வெளியான நூலில் அவர் விளக்கினார்.

எதற்காகச் செரிமானம் நிற்க வேண்டும்? வீட்டுக்குத் திடீரென்று பத்து விருந்தாளிகள் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊறப்போட்ட துணி அப்படியே கிடக்கும். ஒட்டடை அடிக்க எடுத்த துடைப்பம் மூலைக்குப் போகும். எல்லாக் கையும் அடுப்படிக்கு. உடம்பும் அப்படித்தான். ஆபத்து என்று மூளை முடிவுசெய்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் விரைகிறது, ரத்தம் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. சில நிமிடங்களில் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து கார்டிசால் வந்து சேர்கிறது. சேமிப்பில் இருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவுக்குக் கொடுக்கிறது. செரிப்பது, வளர்வது, பழுது பார்ப்பது, நோய்க்கிருமியைத் தேடுவது போன்ற நீண்டகால வேலைகள் ஓரங்கட்டப்படுகின்றன.

விருந்தாளிகள் கிளம்பியதும் வீடு வழக்கத்துக்குத் திரும்பினால் ஒரு குறையும் இல்லை. தினமும் வந்துகொண்டே இருந்தால்? ஒழுகும் கூரையைச் சரிசெய்ய நாளே வாய்க்காது. 1936-ல் ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர் மான்ட்ரியாலில் எலிகளிடம் கண்டது இதைத்தான். குளிர், காயம், நச்சு என்று துன்புறுத்தல் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுபோலவே இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோயெதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. பிற்காலத்தில் புரூஸ் மெக்யூவன் என்ற ஆய்வாளர் இந்தச் சேதத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தேய்மானச் சுமை என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

மனிதருக்கு இதில் கூடுதலாக ஒரு கெடுதல் உண்டு. புலி போய்விட்டால் மான் மேயத் தொடங்கும். நாமோ மேலதிகாரி காலையில் சொன்ன சொல்லை இரவு பதினொரு மணிக்கும் அசைபோடுவோம். விருந்தாளி போன பின்னும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே மீள்திறன் என்பதை, அதிராமல் நிற்கும் வலிமை என்று புரிந்துகொள்வது தவறு. கிணற்றை விலை பேச வரும் விவசாயி தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. மோட்டார் போட்டு இறைத்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று பார்ப்பார். மீள்திறன் என்பது நீர்மட்டம் அல்ல, ஊற்று. அமெரிக்க உளவியலாளர்கள் மிஷெல் துகாடேயும் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், மீள்திறன் மிக்கவர்களுக்கும் நெருக்கடியில் மற்றவர்களைப் போலவே படபடப்பு வந்தது, இதயத் துடிப்பும் அதே அளவுக்கு ஏறியது. வேறுபட்டது, இறங்க எடுத்துக்கொண்ட நேரம். அவர்கள் கவலைக்கு நடுவிலும் ஆர்வம், குதூகலம் போன்றவற்றை அதிகம் உணர்ந்ததாகச் சொன்னார்கள். வேகமாக இறங்கியதற்கும் அதற்கும் தொடர்பு இருந்தது.

இங்கே ஒரு நல்ல வாசகருக்குச் சந்தேகம் வர வேண்டும். இன்பமான உணர்வால்தான் இறங்கியதா? இறங்கியதால் இன்பமாக இருந்ததா? இதைப் பிரித்துக் காட்ட ஃப்ரெட்ரிக்சன் குழு நடத்திய ஒரு சோதனையை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2000-ல் வெளிவந்தது அது.

170 மாணவர்கள். உடம்பில் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளக்கும் உணரிகள். ஒரு நிமிடம் தருகிறோம், ஒரு சொற்பொழிவுக்குத் தயாராகுங்கள், ஒளிப்பதிவு செய்து மற்ற மாணவர்களிடம் மதிப்பிடக் கொடுப்போம் என்கிறார்கள். மேடையில் நிற்கப்போகிறோம் என்றாலே நமக்கு உள்ளங்கை வேர்க்குமே, அவர்களுக்கும் அப்படித்தான். கணினி யாரையாவது பேச்சிலிருந்து விடுவித்தால் திரையில் ஒரு படத்துண்டு ஓடும் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. நிமிடம் முடிந்ததும் எல்லோருக்குமே படம்தான் ஓடுகிறது. ஆனால் நாலு வகைப் படம். சிலருக்குக் கடலலை, சிலருக்கு விளையாடும் நாய்க்குட்டி, சிலருக்கு எந்த உணர்ச்சியும் எழுப்பாத வெறும் கோடுகள், சிலருக்கு அழும் சிறுவன். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. எல்லோருக்கும் விடுதலை ஒன்றுதான். படம் மட்டும் வேறு. துடிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது யாருக்கு முதலில்? கடலலை பார்த்தவர்களுக்கும் நாய்க்குட்டி பார்த்தவர்களுக்கும். வெறும் கோடுகள் அதற்கு அடுத்து. அழும் சிறுவன் கடைசி.

கோடுகள் காட்டும் படம் எதற்கு என்று தோன்றலாம். அதுதான் இந்தச் சோதனையின் உயிர். அது இல்லாவிட்டால், இன்பம் வேகப்படுத்தியதா அல்லது சோகம் தாமதப்படுத்தியதா என்று சொல்ல வழியில்லை. இன்னொரு சரிபார்ப்பும் செய்தார்கள். பேச்சு மிரட்டல் ஏதும் இல்லாமல் அமைதியாக இருப்பவர்களுக்கு இதே படங்களைக் காட்டினால், இன்பமான படத்துக்கும் கோடுகளுக்கும் இதயம் ஏறத்தாழ ஒரேமாதிரிதான் நடந்துகொண்டது. அப்படியானால் நாய்க்குட்டிப் படம் இதயத்தை நேரடியாகத் தணிக்கும் மருந்து இல்லை. முறுக்கேறியிருக்கும்போது மட்டுமே அதன் வேலை தெரிகிறது. இந்த விளைவைக் கட்டவிழ்த்தல் என்று சொல்லலாம். பயம் போட்ட முடிச்சை இன்பம் அவிழ்க்கிறது.

ஃப்ரெட்ரிக்சன் இதற்கு ஒரு பெரிய கோட்பாட்டையும் 1998 முதல் வளர்த்துவந்தார். பயம் பார்வையைக் குறுக்கும். பாம்பைக் கண்டவனுக்குப் பாம்பு மட்டுமே தெரியும். மகிழ்ச்சியும் ஆர்வமும் பார்வையை விரிக்கும். விரிந்த நேரத்தில் புதிய நட்பு, புதிய திறமை, புதிய யோசனை சேரும். நெருக்கடி வரும் நாளில் அந்தச் சேமிப்பு கைகொடுக்கும். விரிந்து சேர்த்தல் என்று இதற்குப் பெயர் வைக்கலாம்.

கடலலையும் நாய்க்குட்டியும் வெறும் மாணவர் சோதனைதானே, நிஜ நோயில் எடுபடுமா? உளவியலாளர் ஷெல்டன் கோஹன் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் 18 முதல் 54 வயது வரையிலான 334 ஆரோக்கியமான தன்னார்வலர்களைச் சேர்த்தார். அன்றன்றைய உணர்வுகளைப் பல மாலைகளில் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு எல்லோருடைய மூக்கிலும் சளிக்கிருமிச் சொட்டு விட்டுத் தனிமைப்படுத்தினார். தெருவில் யார் யாரிடம் தொற்று வாங்கினார்கள் என்ற குழப்பமே இல்லை. எல்லோருக்கும் ஒரே வழியில் கிருமி. சளி பிடித்ததா என்று அவரவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவும் இல்லை. மூக்கு சிந்திய காகிதங்களை எடைபோட்டார்கள். 2003-ல் வெளியான முடிவு: மகிழ்ச்சி, அமைதி, உற்சாகம் போன்றவற்றை அதிகம் உணர்பவர்களுக்குச் சளி குறைவாகவே பிடித்தது. எரிச்சலும் கவலையும் அதிகமுள்ளவர்களுக்கு? சளி கூடுதலாகப் பிடிக்கவில்லை. நோயின் அளவுக்கு மேல் தொந்தரவுகளைச் சொன்னார்கள், அவ்வளவே. தராசு இல்லை, இரண்டும் தனித்தனி என்பது இங்கேயும் தலைகாட்டுகிறது.

சின்ன இன்பங்கள் கண்ணில் பட வேண்டுமானால் மனம் இந்த நொடியில் இருக்க வேண்டும். இனி அதற்கான பயிற்சிக்கு, மனவிழிப்புக்கு வரலாம்.

இந்தச் சொல்லுக்கு நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது, அதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. பௌத்தத்தில் இதன் பெயர் சதி. பாலிச் சொல். வடமொழியின் ஸ்மிருதிக்கு உறவு. நினைவு என்பதே அடிப்படைப் பொருள். இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் அதற்குக் கொடுத்த ஆங்கிலச் சொல்தான் இன்று உலகமெங்கும் வழங்குகிறது. பௌத்தத்தின் எண்வழிப் பாதையில் இந்தப் படிக்குத் தமிழில் நற்கடைப்பிடி என்று பெயர். கடைப்பிடி என்றால் இன்று பின்பற்று என்று பொருள். ஆனால் இறையனார் களவியலின் உரைகாரர், மனத்தில் கொண்டதை மறவாதிருப்பதே கடைப்பிடி என்று விளக்குகிறார். சதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்குமா என்று தெரியவில்லை. அண்மைக் காலத்தில் சிலர் மனநிறைவு என்று மொழிபெயர்க்கிறார்கள். அது திருப்தியைக் குறிப்பது, முற்றிலும் வேறு. விழிப்புணர்வு என்ற சொல்லோ டெங்குப் பேரணிக்குப் போய்விட்டது. அதனால்தான் மனவிழிப்பு என்கிறேன்.

எதை மறவாதிருப்பது? இப்போது நடந்துகொண்டிருப்பதை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதை எண்ணிப் பாருங்கள். பால்காரர் போகிறார், சண்டைக்காரப் பக்கத்து வீட்டுக்காரர் போகிறார், ஒரு நாய் போகிறது. பார்க்கிறோம், ஒவ்வொருவர் பின்னாலும் எழுந்து போவதில்லை. எண்ணங்களையும் உணர்வுகளையும் அப்படித் திண்ணையிலிருந்து பார்ப்பதுதான் பயிற்சி. கண்டியின் காட்டுக் குடிலில் வாழ்ந்த, ஜெர்மனியில் பிறந்த பௌத்தத் துறவி ஞானபோனிக தேரர் 1954-ல் வெளியிட்ட நூலில் இதை வெறும் கவனம் என்ற பொருள்படும் தொடரால் எளிமையாக்கினார். மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபாட்-ஜின், 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியோடு வந்தவர்களுக்குச் சில வாரப் பயிற்சியாக இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். முதல் வகுப்பில் ஒரே ஒரு உலர்திராட்சை. பார்க்க, உருட்ட, முகர, நாக்கில் வைக்க, மெல்ல. அவ்வளவுதான்.

இவ்வளவு எளிய காரியத்துக்குப் பயிற்சி எதற்கு? 2010-ல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரின் கைப்பேசிகளை நாளின் ஏதோ ஒரு நேரத்தில் ஒலிக்கச் செய்து, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். 46.9 விழுக்காட்டு நேரங்களில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாகவும் இருந்தது. நாளில் பாதி நேரம் நாம் வீட்டில் இல்லை. கதவைத் தட்டும் சின்ன நல்லதுகள் பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றன.

மனவிழிப்புக்கும் இன்ப உணர்வுக்கும் உள்ள முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். எரிக் கார்லண்ட் என்ற ஆய்வாளர் ஃப்ரெட்ரிக்சனுடன் சேர்ந்து இதை ஒரு கோட்பாடாகவே வகுத்திருக்கிறார். திண்ணையில் உட்காரக் கற்றவர், துயரமான எண்ணத்திலிருந்து ஓரடி விலகுகிறார். விலகியதால் கண்பார்வை அகல்கிறது. அகன்ற பார்வையில், நடந்ததை இன்னொரு விதமாகப் பார்க்கவும் இடம் கிடைக்கிறது. இதற்கு மறுநோக்கு என்று பெயர் வைக்கலாம். பக்கத்தில் இருக்கும் நல்லதும் கண்ணில் படுகிறது; அதன்மேல் சற்றுத் தங்கலாம். அந்தச் சிறு இன்பம் முறுக்கை அவிழ்க்கிறது, பார்வை இன்னும் அகல்கிறது. கீழ்நோக்கி இழுக்கும் சுழலைப் போலவே மேல்நோக்கித் தூக்கும் சுழலும் உண்டு. கிணற்று மொழியில் சொன்னால், மனவிழிப்பு தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. ஊற்றுக்கண்ணை அடைத்திருக்கும் சேற்றை வாருகிறது.

மூளையிலும் இதன் ஒரு துண்டு தெரிந்திருக்கிறது. மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் செய்த சோதனையில், கோபமான அல்லது பயந்த முகங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்கு உரிய பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, அச்சத்துக்கு எச்சரிக்கை மணி அடிக்கும் அமிக்டலாவின் சுறுசுறுப்பு குறைந்தது. நெற்றிப் பக்கத்து மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. இது கோபம் என்று பெயர் சொல்லி அழைப்பதே அதைக் கொஞ்சம் அடக்குகிறது.

இதுவரை சொன்னதை வைத்து, எல்லாம் தீர்ந்தது என்று யாராவது உங்களிடம் வகுப்புக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தத் துறை அளவுக்கு மேல் வாக்குக் கொடுத்துச் சறுக்கியிருக்கிறது. அந்தச் சறுக்கல்களையும் அதே அக்கறையோடு சொல்லியாக வேண்டும்.

பெரிய சறுக்கல் ஃப்ரெட்ரிக்சனுடையதே. 2005-ல் மார்சியல் லோசாடாவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இன்ப உணர்வுகள் துன்ப உணர்வுகளைவிட 2.9013 மடங்குக்கு மேல் இருந்தால் மனிதர் செழிப்பார் என்று ஓர் எல்லைக்கோடு கிழித்தார்கள். திரவங்களின் ஓட்டத்தைப் பற்றிய சமன்பாடுகளிலிருந்து எடுத்த எண். எட்டு ஆண்டுகள் அது புத்தகங்களிலும் பயிலரங்குகளிலும் உலா வந்தது. கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்த நிக் பிரவுன் என்ற நடுவயது மாணவருக்கு வகுப்பிலேயே உறுத்தியது. மனித உணர்வுக்கு நாலு தசமத் துல்லியமா? இயற்பியலாளர் ஆலன் சோகலையும் உளவியலாளர் ஹாரிஸ் ஃப்ரீட்மனையும் சேர்த்துக்கொண்டு கணக்கைப் பிரித்துப் போட்டார். அந்தச் சமன்பாடுகளை உணர்வுகளுக்குப் பொருத்த எந்த நியாயமும் இல்லை என்று 2013-ல் காட்டினார்கள். கணக்கு திரும்பப் பெறப்பட்டது. நாய்க்குட்டிச் சோதனை இதனால் விழவில்லை; அது வேறு அஸ்திவாரத்தில் நிற்கிறது. ஆனால் இத்தனை மடங்கு மகிழ்ந்தால் போதும் என்று அளவுச்சீட்டு எழுத யாராலும் முடியாது.

மனவிழிப்பின் கதையும் அப்படியே. 2014-ல் 47 சோதனைகளை, 3,515 பேரின் தரவுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். கவலை, மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான பலன் இருந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை. எட்டு வாரத்தில் மூளையின் கட்டமைப்பே மாறுகிறது என்று பரவலாகப் பேசப்பட்டது. 2022-ல் விஸ்கான்சினில் அதிக ஆட்களோடு கவனமாகச் செய்து பார்த்தபோது அந்த மாற்றம் தென்படவில்லை. அதே ஆண்டு பிரிட்டனில், 8,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடையே நடத்திய பெரும் சோதனையில், வகுப்பறை மனவிழிப்புப் பாடம் வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் நன்மை தரவில்லை. ஆழ்ந்த அதிர்ச்சியைச் சுமக்கும் சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்வதே பயத்தைக் கிளப்பிவிடும். அவர்களுக்கு முதலில் தேவை மருத்துவரின் துணை.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இன்னொன்று. பன்னிரண்டு மணி நேர வேலையைக் குறைக்காமல், ஊழியர்களுக்கு மதிய இடைவேளையில் மூச்சுப்பயிற்சி ஏற்பாடு செய்கிறார்கள். விருந்தாளிகளை அனுப்பிக்கொண்டே இருந்துவிட்டு, வீட்டுக்காரியை இன்னும் நிதானமாகச் சமைக்கச் சொல்வது நியாயமா? மீள்திறன் தனி ஆளின் நெஞ்சுக்குள் மட்டும் விளையும் சரக்கு அல்ல. ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்ல மனிதராக, நம்பிக்கையுள்ளவராக வளர்ந்து நின்றார். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, பாட்டியோ சித்தியோ ஆசிரியரோ, அக்கறையாகப் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. ஊற்றுக்கண்ணுக்குத் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருகிறது. சுற்றுவட்டாரத்தில் மழை பெய்யாமல் கிணறு மட்டும் ஊறாது.

மகிழ்ச்சியை விரட்டிப் பிடிக்கவும் முடியாது. ஐரிஸ் மாஸ் குழு 2011-ல் காட்டியது இது: மகிழ்ச்சி மிக முக்கியம் என்று படிக்கக் கொடுக்கப்பட்டவர்கள், பிறகு ஒரு நல்ல படத்தைப் பார்த்தபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். பந்தலில் வந்த சிரிப்பை யாரும் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் சேர்க்கப்பட்ட அந்த ஒற்றைக் கேள்வி அதோடு நிற்கவில்லை. ஃபோக்மனின் குழுவில் இருந்த ஜூடித் மாஸ்கோவிட்ஸ் அதைச் சிகிச்சையாகவே வளர்த்தார். அன்றாடம் நடந்த நல்லதைக் கவனித்தல், அதைச் சுவைத்து நிற்றல், நன்றி, மனவிழிப்பு, மறுநோக்கு, தன் பலத்தை அறிதல், எட்டக்கூடிய சிறு இலக்கு, பிறருக்கு உதவுதல் என்று எட்டுத் திறன்கள். எச்.ஐ.வி. இருப்பது புதிதாகத் தெரியவந்த 159 பேரிடம் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். கற்றவர்களுக்கு இன்ப உணர்வு கூடியது. மனச்சோர்வு மருந்தின் தேவையும் மற்ற குழுவினரைவிடக் குறைந்தது. பிறகு, மறதி நோய் கண்ட பெற்றோரையும் துணையையும் பராமரிக்கும் 170 பேரைச் சேர்த்து, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காணொளி அழைப்பு வழியாக ஆறு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். 2019-ல் வந்த முடிவுகளில், கற்றவர்களுடைய மனச்சோர்வும் கவலையும் மற்ற குழுவினரைவிடக் குறைந்திருந்தன.

அந்த வகுப்பிலும் முதல் பாடம் பழைய கேள்விதான். திரையின் மறுபக்கம், பக்கத்து அறையில் ஒரு காதை வைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு நன்றாக இருந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அவர் சற்று யோசிக்கிறார்.